இரண்டு தடவை படித்தவன்

சென்ற புதன்கிழமை முற்பகல், அமெரிக்காவில் நம்மவர் கடைகள் நிறைந்த ஐசலின் ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு தையல் கடைக்குள், என் மனைவி ஜெயந்தியின் ஆறு ரவிக்கைத் துணிகளைக் கையில் ஏந்திக்கொண்டு நான் நின்றிருந்தபோது ருக்மணி அக்கா போன் செய்தார்.

“தம்பி, சார் போயிட்டாருங்க.”

“அக்கா, நான் தையல் கடையில இருக்கேன்” என்றேன்.

ஒரு மரணச் செய்திக்கு இதைவிடப் பொருத்தமில்லாத பதில் உலகில் இருக்க முடியாது. இறந்துபோன சார் மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, “சபாஷுங்க தம்பி! இதுதாங்க நிஜம்” என்று சொல்லி, சட்டைப்பையில் இருக்கும் குட்டி நோட்டில் குறித்துவைத்திருப்பார்.

“சரிங்க, துணியைக் குடுத்துட்டே கேளுங்க” என்றார் அக்கா. கணவரை இழந்து மூன்று மணி நேரம் ஆன பெண்மணி எனக்கு வசதி செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். “காலைல ஏழரைக்கு. காபி பாதி குடிச்சிருந்தாரு. கஷ்டப்படலைங்க. ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்கு லைப்ரரி ஹால்ல கூட்டம். நாவலைப் பத்தி நீங்கதான் பேசோணும். அவரே எழுதி வெச்சிருக்கறாரு.”

“என்னன்னு எழுதியிருக்கார்?”

காகிதம் பிரிக்கும் சத்தம் கேட்டது. அக்கா வாசித்தார்: “‘முரளி பேசட்டும். என் நாவலை இரண்டு தடவை படித்தவர் அவர் ஒருவர்தான்.’”

ஆறு ரவிக்கைத் துணிகளும் தரையில் விழுந்தன.

துக்கத்தில் விழுந்தன என்று எழுத எனக்கும் ஆசைதான். உண்மை வேறு. பதினெட்டு ஆண்டுகளாக இந்த மாநிலத்துத் தமிழர்களிடம் நான் காப்பாற்றி வைத்திருந்த ஒரு பொய்க்கு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி என்று நேரம் குறிக்கப்பட்டுவிட்டது. சார், அதாவது தெய்வசிகாமணி அவர்களின் முதல் நாவலை நான் இரண்டு தடவை படிக்கவில்லை. ஒரு தடவைகூடப் படிக்கவில்லை. நாற்பத்தோராம் பக்கம் வரை போயிருக்கிறேன். அங்கே கதாநாயகன் ஒரு படிவத்தை நிரப்புவதற்காகப் பேனா தேடிக்கொண்டிருந்தான். அவன் தேடட்டும் என்று நான் தூங்கப் போய்விட்டேன்.

அவரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தெய்வசிகாமணி கோபிச்செட்டிபாளையத்துப் பக்கத்துக்காரர். வெஸ்ட் வின்ட்சரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர். தமிழில் இரண்டு நாவல்களும் ஒரு சிறிய தத்துவ நூலும் எழுதியவர். உலகத்துக்கு உள்ளர்த்தம் ஏதும் கிடையாது, மனிதன் மட்டும் அதைத் தேடிக்கொண்டே இருக்கிறான், இந்த இரண்டும் மோதுகிற இடத்தில் கிளம்புகிற வேடிக்கைதான் வாழ்க்கை என்பது அவருடைய கொள்கை. இலக்கியக்காரர்கள் இதை அபத்தவாதம் என்பார்கள். அபத்தவாதிக்குப் பெற்றோர் வைத்த பெயர் தெய்வசிகாமணி. அலுவலகத்தில் அமெரிக்கர்கள் அதை “டேவ்” என்று சுருக்கிவிட்டார்கள். “தெய்வத்தையும் எடுத்துட்டாங்க, சிகாமணியையும் எடுத்துட்டாங்க. மிச்சம் இருக்கறதுதான் நானு” என்பார்.

பிழைப்புக்கு அவர் செய்த வேலையும் அவருக்கென்றே செய்துவைத்தது போல இருந்தது. மாத்திரைப் பெட்டிக்குள் பதினாறாக மடித்து ஒரு தாள் வைத்திருப்பார்களே, பொடி எழுத்தில், பிரித்தால் திரும்ப மடிக்க முடியாமல்? ஒரு மருந்துக் கம்பெனியில் அந்தத் தாளை எழுதும் வேலை. எப்படி உட்கொள்வது, என்னென்ன பக்க விளைவுகள் வரலாம், வந்தால் எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும், எல்லாம் அவர் கைவண்ணம்.

“யாருமே படிக்காததை எழுதிக் குடும்பம் நடத்துனவன் நானு. தமிழ்ல நாவல் எழுதறது எனக்குப் பெரிய மாற்றமாத் தெரியலீங்க” என்பது அவர் வழக்கமாகச் சொல்கிற வாக்கியம்.

நான் அவரை முதலில் சந்தித்தது எங்கள் ஊர் ரயில் நிலையத்தின் கார் நிறுத்தத்தில். நியூயார்க்குக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த நிறுத்தத்தில் நிரந்தர இடம் கிடைப்பது பெண்ணுக்கு வரன் கிடைப்பது மாதிரி. பெயரைப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நான் அன்று தூரத்தில் எங்கோ காரை நிறுத்திவிட்டு, லேப்டாப் பை முதுகில் குதிக்க, சட்டை ஒரு பக்கம் வெளியே வர, ஓடோடி வந்து ரயிலின் வாலைப் பார்த்தேன். மூச்சு வாங்க நின்றபோது, பக்கத்தில் ஒரு காரின் கண்ணாடி இறங்கியது.

“காபி குடிக்கறீங்ளா?”

முன்சீட்டில் பிளாஸ்க்கும் இரண்டு டம்ளரும். வேட்டிக்கு மேல் குளிர்கால ஜாக்கெட் போட்ட ஒருவர்.

“நீங்களும் ட்ரெயினை மிஸ் பண்ணிட்டீங்களா சார்?”

“நான் எங்கியும் போகலீங்க. ரிட்டயர்டு. இந்த இடத்துக்கு எம்பேரை எழுதி வெச்சப்ப வேலை நியூயார்க்ல. ரெண்டே வருசத்துல கம்பெனி திரும்பி இங்கியே வந்துருச்சு. பேரை அடிக்கலை. போன மாசம் லெட்டர் வருது, உங்களுக்கு இடம் ஒதுக்கியாச்சுன்னு. இத்தன வருசம் காத்திருந்து கெடச்ச இடமுங்க. வராம இருந்தா மரியாதையா?”

வார நாட்களில் காலை ஏழு மணிக்கு வந்து, தன் இடத்தில் காரை நிறுத்தி, ஓடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் காபி குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார். அந்த இடத்துக்காக என் பெயரும் பட்டியலில் இருந்தது. கோபம் வந்திருக்க வேண்டும். காபி நன்றாக இருந்ததால் வரவில்லை.

“சார், நீங்க விட்டுக்கொடுத்தா என் வரிசையில ஒரு நம்பர் முன்னாடி போவேன்” என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன்.

“போயி?”

“இடம் கிடைக்கும்.”

“கெடச்சு?”

“ஓட வேண்டாம்.”

“இப்பவும் நீங்க ஓடலியே தம்பி. உக்காந்து காபி குடிச்சிட்டிருக்கறீங்க.”

அன்று இரண்டு ரயில்களை விட்டேன். மேலாளருக்கு டயர் பஞ்சர் என்று செய்தி அனுப்பினேன். தத்துவத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாடமும் முதல் பொய்யும் ஒரே நாளில்.

அந்தக் காத்திருப்புதான் அவருடைய முதல் நாவல், ‘நானூற்றுப் பன்னிரண்டாவது கார்’. கார் நிறுத்த இடத்துக்கான வரிசையில் நானூற்றுப் பன்னிரண்டாம் ஆளாகப் பெயர் கொடுக்கும் நல்லமுத்து என்பவனின் கதை. வெளியீட்டு விழாவை ஒரு பள்ளிக்கூட சாப்பாட்டுக் கூடத்தில் எங்கள் தமிழ் அமைப்பு நடத்தியது. சமோசா, கேசரி, பொன்னாடை. அப்போதைய தலைவர் முக்கால் மணி நேரம் ஆய்வுரை ஆற்றினார். அட்டைப்படத்தைப் பற்றிப் பத்து நிமிடம், பின்னட்டையைப் பற்றிப் பத்து நிமிடம், மீதி நேரம் தன் பாட்டனாரின் மாட்டு வண்டியைப் பற்றி. குடும்பத்துக்கு ஒரு பிரதி என்று எல்லோரும் வாங்கினோம். அடுத்த சில ஆண்டுகளில் நான் கொலுவுக்குப் போன வீடுகளில் எல்லாம் அந்த நாவலைக் கண்டிருக்கிறேன். பல வீடுகளில் படிகள் ஆடாமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

என் பிரதியில் அவர் எழுதிக் கொடுத்தது: ‘தம்பி முரளிக்கு. படித்த பின் அழைக்கவும்.’ எல்லா எழுத்தாளர்களும் எழுதுகிற வாக்கியம் என்று நினைத்துக்கொண்டேன்.

பொய் ஆரம்பித்தது அதற்கு அடுத்த மாதம். அவர் வீட்டில் சனிக்கிழமை மதியச் சாப்பாடு. ருக்மணி அக்காவின் தேங்காய்ப்பால் குழம்பை மூன்றாவது முறையாக ஊற்றிக்கொண்டிருந்தேன்.

“அப்புறம் தம்பி, நாவல் எதுவரைக்கும் வந்துச்சு?”

“முடிச்சிட்டேன் சார்.” குழம்பு உள்ளே போன வேகத்தில் வார்த்தை வெளியே வந்துவிட்டது. ஒரு எழுத்தாளரின் வீட்டில் உட்கார்ந்து மூன்றாவது முறை குழம்பு வாங்குகிறவன் வேறு என்ன சொல்ல முடியும்? அதோடு நிறுத்தியிருக்கலாம். நான்தான் வேலை நேரம் போக நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன் ஆயிற்றே, கூடுதலாக ஒன்று போட்டேன்: “ரெண்டு தடவை படிச்சேன்.”

“ரெண்டு தடவையா!” அவர் கையில் இருந்த அப்பளத்தைக் கீழே வைத்தார். “எந்த எடம் புடிச்சுதுங்க?”

“எல்லா இடமும் சார். எதைச் சொல்ல, எதை விட?”

“அந்தச் சாப்பாட்டு எடம்?”

“அதுவா! அந்தச் சாப்பாட்டு இடம் பிரமாதம் சார். படிச்சு முடிச்சதும் எனக்கே பசிச்சுது.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். தோள் குலுங்கியது. வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார். ருக்மணி அக்கா சமையலறைக்குள் போய், அங்கிருந்து ஒரு மாதிரி இருமினார். ஒரு கலைஞனின் மனத்தைத் தொட்டுவிட்டோம் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் ஜெயந்தியிடம் சொன்னேன், “பாவம், பாராட்டுக்கு ஏங்கிப்போயிருக்கார். அழுதுட்டார் தெரியுமா?”

அதன் பிறகு பொய்யைப் பராமரிப்பது எளிதாக இருந்தது. இலக்கியக் கூட்டங்களில் “நம்ம முரளி ரெண்டு தடவை படிச்சவரு” என்று அவரே அறிமுகப்படுத்துவார். நான் கண்ணை லேசாக மூடி, “அந்தக் கடைசி அத்தியாயம்...” என்று ஆரம்பித்து, தொண்டை அடைத்தது போல நிறுத்திவிடுவேன். மற்றவர்களும் தலையை ஆட்டுவார்கள். அவர்களும் என்னை மாதிரிதான் என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் தைரியமாகப் பேசியிருப்பேன்.

இரண்டாவது நாவல் பிறந்த இடம் பிரிட்ஜ்வாட்டர் கோயில். சாமி உண்டா என்ற விசாரணையில் அவர் இறங்கியதே இல்லை. சனிக்கிழமைகளில் அங்கே செருப்பு வைக்கும் இடத்தை ஒழுங்குபடுத்துகிற தொண்டு செய்வார். ஒரு ஜனவரி மாதம், வெளியே முழங்கால் அளவு பனி. எல்லோரும் போன பிறகு பார்த்தால் மூன்று ஜோடி காலணிகள் மிச்சம். உள்ளே ஒருவரும் இல்லை.

“யோசிச்சுப் பாருங்க தம்பி. மூணு பேரு வெறுங்காலோட பனியில நடந்து, கார் ஏறி, ஃப்ரீவேயில போயி, வீட்டுக்குள்ள நுழைஞ்சிருக்கறாங்க. ஒருத்தருக்காச்சும் கால் சில்லுனு இருந்திருக்காதா? பிரார்த்தனை அவ்வளவு பலமா? இல்ல, வரும்போதே ரெண்டு ஜோடி போட்டுட்டு வந்தாங்களா?”

மூன்று வாரம் இதே பேச்சு. நான் பொறுமை இழந்து, “சார், இதுக்கு ஒரு சாதாரண விளக்கம் இருக்கும்” என்றேன்.

“இருக்கும். தயவுபண்ணி அதைக் கண்டுபுடிச்சு எங்கிட்ட சொல்லிராதீங்க.”

ஊரில் அவரைப் பற்றி இரண்டு வதந்திகள் உண்டு. ஒன்று, அவர் நாத்திகர். மற்றொன்று, அவர் மனச்சோர்வு உள்ளவர். இரண்டாவதைக் கேட்டால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். ஒரு பொங்கல் விழாவில், டெக்சாஸிலிருந்து வந்திருந்த ஒரு டாக்டர் அவரை மடக்கினார். “அங்கிள், வாழ்க்கைக்கு மீனிங்கே இல்லன்னா எதுக்குக் காலையில எழுந்திரிக்கணும்? டிப்ரஸ் ஆயிடாதா?”

அவர் கரும்பைக் கடித்துக்கொண்டே பதில் சொன்னார். “ஏனுங்க டாக்டர், பரீட்சைக்குப் போற பையங்கிட்ட, ‘கண்ணு, பரீட்சையே கெடையாது, மார்க்கும் கெடையாது, போய் வெளையாடு’ன்னு சொன்னா அழுவானுங்களா?”

டாக்டர் யோசித்தார். “நம்ம பசங்க அழுவாங்க அங்கிள்” என்றார்.

அவர் சிரித்த சிரிப்பில் கரும்புச் சக்கை புரை ஏறி, அந்த டாக்டரே முதுகைத் தட்ட வேண்டியதாயிற்று. அந்த வாக்கியமும் குட்டி நோட்டுக்குள் போனது.

அவர் வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு பழைய தொலைபேசி உண்டு. சுருள் கம்பி போட்ட, சுவரில் மாட்டிய தொலைபேசி. எல்லோரும் கைப்பேசிக்கு மாறிப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்தும் அந்த இணைப்பை அவர் துண்டிக்கவில்லை. அதில் வருகிற ஒரே அழைப்பு, உங்கள் காரின் வாரண்டி முடியப்போகிறது என்று சொல்லும் விற்பனைக்காரர்களுடையது. அவர்களோடும் அரைமணி நேரம் பேசுவார். வாரண்டி என்ற ஒன்றை மனிதன் ஏன் நம்புகிறான் என்று அவர் கேட்கக் கேட்க, அந்தப் பக்கம் இருப்பவர்கள் தாங்களாகவே போனை வைத்துவிடுவார்கள்.

“எதுக்கு சார் இந்த லேண்ட்லைன்? யார் கூப்பிடப் போறாங்க?” என்று ஒருமுறை கேட்டேன்.

“கூப்பிடறவங்க கூப்பிடுவாங்க.”

“இதுவரைக்கும்?”

“ரெண்டு பேரு. ஒண்ணு இவ” என்று அக்காவைக் காட்டினார். “மேல சமையலறையில நின்னுட்டே கீழ இருக்கற எனக்குப் போன் பண்ணுனா. இன்னொண்ணு கலிபோர்னியாவுல, பே ஏரியாவுல ஒரு டிரைவரு. பஸ் ஓட்டறவரு. அவரு ஃபிளைட் புடிச்சே வந்துட்டாரு.”

எதற்கு வந்தார் என்று கேட்டிருக்க வேண்டும். அன்று அக்கா வாழைப்பூ வடை சுட்டிருந்தார். எனக்குக் கேள்விகள் மறந்துவிட்டன.

கடைசியாக அவரைச் சந்தித்தது சென்ற மாதம், மருத்துவமனையில். இருதயம் தன் வாரண்டியை முடித்துக்கொண்டிருந்தது. நான் போனபோது அவர் கட்டிலில் சாய்ந்து, ஒரு மாத்திரைப் பெட்டியின் தாளைப் பிரித்து ஆர்வமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, இதைப் பாருங்க! இது என்ற சொந்த எழுத்து! மூணாவது பத்தி முழுக்க நாந்தான். ஒரு வார்த்தை மாத்தலைங்க!”

உள்ளே வந்த நர்ஸிடமும் ஆங்கிலத்தில் அதைச் சொன்னார். அந்த அம்மாள் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, இதை நான் முழுவதும் படித்திருக்கிறேன், புது மருந்து எது வந்தாலும் தாளைப் படிக்காமல் நோயாளிக்குக் கொடுப்பதில்லை என்றார்.

அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பதினெட்டு ஆண்டுகளில் நான் பார்த்ததில்லை. “ருக்மணி! இந்தம்மா முழுசாப் படிச்சிருக்கறாங்க! இவங்களுக்கு ஒரு வேளை சாப்பாடு போடோணும்!”

மருந்து மயக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்து, ஆறுதலாகக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, பழைய மாதிரித் தோள் குலுங்கச் சிரித்தார். “நீங்க ரெண்டு வேளை சாப்பிடோணும் தம்பி. ரெண்டு தடவை படிச்சவரு.”

அதற்குப் பிறகு வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். பத்து நாள் இருந்தார். அந்தப் பத்து நாளில் நான் போகவில்லை. வேலை, மகளின் நடன நிகழ்ச்சி, மழை என்று காரணங்கள் இருந்தன. ஒன்றும் உருப்படியான காரணமில்லை.

புதன்கிழமை தையல் கடையிலிருந்து வந்ததும் நாவலைத் தேடினேன். எங்கள் வீட்டிலும் அது கொலுப் பெட்டிக்குள்தான் இருந்தது, செட்டியார் பொம்மைக்கு அடியில். ஜெயந்தி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

“படிச்ச புஸ்தகத்தை எதுக்கு இப்ப தேடறீங்க?”

“ஒரு தடவை புரட்டிப் பார்க்கலாம்னு.”

“புக்மார்க் நாப்பத்தொண்ணாம் பக்கத்துல இருக்கு. உங்க போர்டிங் பாஸ். பதினெட்டு வருஷமா ஒவ்வொரு கொலுவுக்கும் நான்தான் அதைப் பார்க்கறேன்.”

சோபாவில் இருந்த மகள் தலையைத் தூக்கினாள். “வெயிட். அப்பா, யூ நெவர் ரெட் இட்?”

குடும்பத்தில் என் மதிப்பு ஏற்கெனவே அதிக உயரத்தில் இல்லாததால், விழுந்தபோது அடி பலமாக இல்லை.

வெள்ளிக்கிழமை தகனத்துக்குப் போனதைத் தவிர, மற்ற நேரமெல்லாம் படித்தேன். முதல் நாள் கடமைக்காக. நாற்பத்தோராம் பக்கத்தில் நல்லமுத்து பேனா தேடிக்கொண்டிருந்தான். என்னை விட்டுவிட்டு ஓடிவிடாமல் பதினெட்டு ஆண்டுகளாக அங்கேயே தேடிக்கொண்டிருந்தான். பதினோரு பக்கம் தேடுகிறான். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேனா கேட்கப் போய், அவர் மகளின் திருமணத்தை நிச்சயம் செய்துவிட்டு, பேனா வாங்காமல் திரும்பி வருகிறான். கடைசியில் ஒரு பேனாவை எடுத்து, ‘பேனா வாங்க வேண்டும்’ என்று சீட்டில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கப் போகிறான். நான் சிரித்த சிரிப்பில் ஜெயந்தி மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். உடனே சாருக்குப் போன் பண்ணி, “சார், அந்தப் பேனா இடம்!” என்று சொல்வதற்குக் கைப்பேசியை எடுத்தும்விட்டேன்.

அதைத் திரும்ப மேசையில் வைத்தேன்.

பதினெட்டு ஆண்டுகளில் ஆயிரம் சனிக்கிழமைகள் அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அந்தப் பேனாவைப் பற்றி ஒரு சனிக்கிழமை இருவரும் சேர்ந்து சிரித்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போனேன். வாரக் கடைசியில் அங்கே யாரும் எங்கும் நிறுத்தலாம். அவருடைய இடத்தில் காரை நிறுத்தி, பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டு மிச்சத்தைப் படித்தேன். பன்னிரண்டு மணி சுமாருக்கு நாவலில் ஒரு பக்கம் வந்தது. எந்தப் பக்கம் என்று எழுத மாட்டேன். எழுதக் கூடாது என்று அக்காவின் கண்டிப்பான உத்தரவு. நல்லமுத்துவின் கதை நடுவில் நிற்கிறது. மாத்திரைத் தாளில் வருகிற மாதிரி, பொடி எழுத்தில் ஒரு பத்தி:

‘இதுவரை படித்ததனால் பக்க விளைவு ஏதும் தெரிந்தால், கீழ்க்கண்ட எண்ணுக்கு அழைக்கவும். அழைப்பவருக்கு ஆசிரியர் தன் கையால் சமைத்து ஒரு வேளை சாப்பாடு போடுவார். இந்தச் சலுகைக்குக் காலவரையறை இல்லை.’

கீழே அந்தப் பழைய தொலைபேசியின் எண்.

அந்தச் சாப்பாட்டு இடம். பிரமாதம் சார். எனக்கே பசிச்சுது.

எனக்கு முகம் சுட்டது. அவருக்கு முதல் மாதமே தெரியும். அக்காவுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே குழம்பு ஊற்றியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து “நாவல் அற்புதம்” என்று சொன்ன ஒவ்வொருவரையும், ஆய்வுரைத் தலைவர் உட்பட, எல்லாம் தெரிந்துகொண்டே உட்காரவைத்துச் சாப்பாடு போட்டிருக்கிறார்கள். ஒருவரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

அந்த எண்ணை அழுத்தினேன். நான்கு முறை மணி அடித்தது. மாடிப்படி இறங்கிய மூச்சோடு அக்காவின் குரல்: “கார் வாரண்டிங்ளா?”

“அக்கா, முரளி.”

“அந்தப் பக்கத்துக்கு வந்துட்டீங்ளா தம்பி?”

“வந்துட்டேன்க்கா.”

“பதினெட்டு வருசம். நல்லமுத்துவுக்கே இடம் கெடச்சிருக்கும்.” மூக்கை உறிஞ்சினார். சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை. “கூட்டத்துக்குக் கெளம்பிட்டிருக்கேன். பேசிட்டு நேரா வீட்டுக்கு வாங்க. சாப்பிட்டுட்டு வராதீங்க.”

லைப்ரரி ஹால் நிறைந்திருந்தது. முன்வரிசையில் ஆய்வுரைத் தலைவர், கையில் நான்கு பக்கக் குறிப்போடு. நான் எழுதி வைத்திருந்த உரையில் “மனித இருப்பின் தனிமை” என்று ஒரு தொடர் இருந்தது. அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

“நான் இந்த நாவலை ரெண்டு தடவை படிச்சவன் இல்லை. இன்னிக்குத்தான் முதல் தடவை படிச்சு முடிச்சேன்” என்றேன். “இதுல ஒரு சாப்பாட்டு இடம் வருது. அதைப் படிச்சவங்க மட்டும் கை தூக்குங்க.”

இருபது கைகள் சடசடவென்று உயர்ந்தன. முதல் கை தலைவருடையது. “அருமையான இடம்!” என்றும் ஒரு குரல் வந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கினார். கணவரின் அதே குலுக்கல். கை தூக்கியவர்கள், பாவம், துக்கம் தாங்கவில்லை என்று நினைத்து எழுந்து வந்து ஆறுதல் சொன்னார்கள். அவருக்கு இதைவிடப் பொருத்தமான அஞ்சலிக் கூட்டத்தை நான் திட்டமிட்டிருந்தாலும் நடத்தியிருக்க முடியாது. அந்தச் சாப்பாட்டு இடம் என்ன என்று மேடையில் நான் சொல்லவில்லை. பேனா கதையை மட்டும் வாசித்துக் காட்டினேன். ஹால் முழுக்கச் சிரித்தது.

கூட்டம் முடிந்து நான்கு மணிக்கு அக்காவின் வீட்டுக்குப் போனேன். என்னைக் கீழ்த்தளத்துக்கு அழைத்துப் போனார். எங்கள் எல்லோர் வீட்டிலும் இருக்கிற பெரிய ஃப்ரீசர்தான். அதற்குள் எல்லோர் வீட்டிலும் இருக்கிற காலித் தயிர் டப்பாக்கள்தான், சாம்பார், வத்தக்குழம்பு, அரைத்த மாவு என்று ஒட்டுத்தாளில் எழுதி. அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தார். மேலே அவருடைய கோணல் கையெழுத்து:

‘முரளி. படித்த பின்.’

“ஆஸ்பத்திரியில இருந்து வந்த நாலாம் நாளு. ஸ்டூலைப் போட்டு அடுப்புக்கிட்ட உக்காந்துட்டாரு. கிட்டக்க வராதேன்னுட்டாரு. என் கை பட்டா அது அவரு சமையல் இல்லையாம்” என்றார் அக்கா.

“நான் படிக்காமலே இருந்திருந்தா?”

“அதையுங் கேட்டேன். இருந்துட்டுப் போகுதுங்க, ஃப்ரீசர்தானேன்னாரு.”

மூடியின் உள்பக்கம் பிளாஸ்டிக் உறையில் ஒரு தாள், பதினாறாக மடித்தது. பொடி எழுத்து. மேசையில் பிரித்து வைத்துக்கொண்டு, ஒரு வரி விடாமல் படித்தேன்.

‘பொருள்: அரிசியும் பருப்புஞ் சாதம். உட்கொள்ளும் முறை: மூன்று நிமிடம் சூடு பண்ணவும். நெய் தாராளமாக. தயிர் தனியாக. எச்சரிக்கை: சமைத்தவருக்கு இது ஒன்றுதான் தெரியும். பக்க விளைவுகள்: தூக்கம், தண்ணீர்த் தாகம். குற்ற உணர்ச்சி ஏற்பட்டால் அளவு மீறிவிட்டது என்று பொருள். நிறுத்திவிட்டு மறுபடி நெய் ஊற்றவும். இதில் வாழ்க்கையின் அர்த்தம் எதுவும் சேர்க்கப்படவில்லை.’

பருப்பு சற்றுத் தீய்ந்திருந்தது. உப்பு குறைவு. ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. எதிரில் அமர்ந்திருந்த அக்கா, “எப்படி இருக்குதுங்க?” என்று கேட்டார்.

“உப்பு கம்மிக்கா.”

“இப்பத்தான் தம்பி நெசம் பேசறீங்க” என்று உப்பு ஜாடியை நகர்த்தினார்.

சார், போய் வாருங்கள். உங்கள் இடத்தில் வார நாட்களில் வேறு யாரோ நிறுத்தப் போகிறார்கள். பட்டியலில் நான் ஓர் எண் முன்னேறிவிட்டேன். இவ்வளவு நாள் அதற்காகத்தான் காத்திருந்தேன் என்பதை நினைத்தால் உங்கள் குட்டி நோட்டு ஞாபகம் வருகிறது. அந்தக் கீழ்த்தளத்துத் தொலைபேசி அப்படியே இருக்கிறது, அக்கா எடுப்பார். நேற்று முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். இன்னும் ஒரு வேளைச் சாப்பாடு நீங்கள் எனக்குப் பாக்கி.